உருகாத வான்கோழி

நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமை முடிந்ததும், அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களின் போன்களில் படங்கள் வந்து குவியும். நீளமான மேஜை, நடுவில் பொன்னிறமாக ஒரு முழு வான்கோழி, சுற்றிலும் பேரப்பிள்ளைகள். காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் போன வருடம் அப்படி ஒரு படத்தைக் காட்டி, "சார், நீங்க அங்க போய் இருந்திருக்கீங்களே, இது என்ன பண்டிகை? எந்தச் சாமிக்கு?" என்று கேட்டார். "சாமியெல்லாம் இல்ல, சாப்பாடுதான் பண்டிகை" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதோடு, அந்தப் பண்டிகைச் சாப்பாடு ஒன்றில் நானும் ஒரு காரியம் செய்திருக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தேங்ஸ்கிவிங் என்பது பெயர். அங்குள்ள நம்மவர்கள் நன்றி நவிலல் நாள் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை இது. 1620-இல் மேஃப்ளவர் என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து 102 பேர் புறப்பட்டு வந்து, இப்போதைய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளிமத் என்ற இடத்தில் குடியேறினார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் அந்த மண்ணின் மக்களான வாம்பனோவாக் இனத்தவரின் உதவியோடு சோளம் விதைத்து, 1621 இலையுதிர் காலத்தில் அறுவடை செய்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் மூன்று நாள் விருந்து. வாம்பனோவாக் தலைவர் மாசசோயிட் தொண்ணூறு பேரோடு வந்து கலந்துகொண்டார்.

இந்த விருந்தைப் பற்றி அங்கே இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பறவை வேட்டைக்கு நாலு பேரை அனுப்பினார்கள் என்றும், வாம்பனோவாக்கினர் ஐந்து மான்களைக் கொண்டுவந்தார்கள் என்றும் அதில் உண்டு. என்ன பறவை என்று அவர் எழுதவில்லை. வாத்தாக இருந்திருக்கலாம், வாத்தும் வான்கோழியுமாகவும் இருந்திருக்கலாம். உருளைக்கிழங்கு அப்போது அங்கே கிடையாது. பூசணி இருந்தது, ஆனால் அதை இனிப்பாகச் சுட்டெடுக்க மாவும் வெண்ணெயும் ஓவனும் கிடையாது. இன்றைக்கு அந்த மேஜையில் இருப்பதில் பாதி அன்றைக்கு இல்லை.

எனக்கு அந்தக் கதையில் வேறொரு விஷயம்தான் பெரிதாகப்பட்டது. வந்த மணமான பெண்களில் அந்த விருந்து வரை உயிரோடு இருந்தவர்கள் நாலே பேர். கூட மாட ஒத்தாசைக்குச் சில சிறுமிகள். வெட்டவெளியில் அடுப்பு மூட்டி, நூற்று நாற்பது பேருக்கு, மூன்று நாள். எதெல்லாம் கருகியது, எதெல்லாம் வேகாமல் போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கடிதம் எழுதியவர் ஆண்பிள்ளை. அவருக்கு மான் கணக்குதான் நினைவிருந்தது.

(அந்த வாம்பனோவாக் மக்களின் பிற்காலக் கதை சோகமானது. 1970 முதல் ஒவ்வொரு வருடமும் இதே வியாழக்கிழமை பிளிமத்தில் கூடி அதைத் துக்க நாளாக அனுசரிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

அந்த விருந்து அன்றோடு முடிந்தது. வருடா வருடம் நடந்த பண்டிகையாக அது வளரவில்லை. இதை நாடு முழுவதற்குமான பண்டிகையாக்கியவர் ஒரு பத்திரிகை ஆசிரியை. சாரா ஜோசஃபா ஹேல் என்று பெயர். அவரை நமக்குத் தெரியாது. ஆனால் அவர் எழுதிய பாட்டு தெரியும். மேரியிடம் ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது என்று எல்.கே.ஜி. பிள்ளைகள் பாடுகிறார்களே, அது 1830-இல் இந்த அம்மாள் எழுதியது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1827-இல், 'நார்த்வுட்' என்று ஒரு நாவல் எழுதினார். அதில் ஒரு அத்தியாயம் முழுக்கத் தேங்ஸ்கிவிங் சாப்பாடுதான். மேஜையின் தலைமாட்டில் வறுத்த வான்கோழி அமர்ந்திருக்கும். பிறகு கோடீஸ் லேடீஸ் புக் என்ற பெண்கள் பத்திரிகைக்கு ஆசிரியையாக இருந்து, பல வருடம் தலையங்கம் எழுதியும் ஆளுநர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் கடிதம் எழுதியும் ஓய்ந்துபோகாமல், கடைசியில் 1863 செப்டம்பரில் லிங்கனுக்கு எழுதினார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். அக்டோபர் 3-ஆம் தேதி லிங்கன் அறிவித்துவிட்டார்: நவம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமை.

நம்மில் மனுப் போட்டு ஓய்ந்தவர்கள் பலர் உண்டு. அவர்கள் இந்த அம்மாளை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஹேல் அம்மாள் செய்த காரியத்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. ஒரு தேசம் முழுவதும், ஒரே நாளில், ஒரே பதார்த்தத்தை, வருடத்துக்கு ஒரே ஒரு தடவை சமைக்கிறது. பொங்கல் அப்படி இல்லை. தினம் வடிக்கிற அரிசிதான். அதிலும் பால் பொங்கி வழிந்தால்தான் நமக்கு மங்களம். தேங்ஸ்கிவிங் வான்கோழிக்கு ஒப்புச் சொல்ல வேண்டுமென்றால் நம் தீபாவளி அதிரசத்தைத்தான் சொல்லுவேன். வருடத்துக்கு ஒருமுறை கை வைப்பது. பாகு ஒரு நூல் முறுகினால் கல், இளகினால் எண்ணெய்ச் சட்டிக்குள் உதிர்ந்து கசடாகிவிடும். போன வருடம் செய்த கை நினைவு இந்த வருடத்துக்கு வராது. அப்படிப்பட்ட ஒன்றை ஒன்பது கிலோ எடையில் நினைத்துப் பாருங்கள். விருந்தாளிகளை நாலு மணிக்கு வரச்சொல்லிவிட்டுச் செய்வதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தேதியில்கூட ஒருமுறை குளறுபடி நடந்தது. 1939 நவம்பரில் ஐந்து வியாழக்கிழமை. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னால் தள்ளினார். பாதி மாநிலங்கள் ஒப்புக்கொண்டன, பாதி மாட்டேன் என்றன. ஒரே நாட்டில் இரண்டு தேங்ஸ்கிவிங். 1941-இல் சட்டம் போட்டு, கடைசி வியாழன் இல்லை, நாலாவது வியாழன் என்று முடித்துவைத்தார்கள்.

இனி அந்தப் பறவைக்கு வருகிறேன். காட்டு வான்கோழி ஒல்லியானது, பறக்கக்கூடியது. இப்போது கடையில் கிடைப்பது அகன்ற மார்பு உள்ள வெள்ளை இனம். நெஞ்சுக்கறி அதிகம் வேண்டும் என்று வளர்த்து வளர்த்து, அது தானாக இணைசேரக்கூட முடியாத உருவத்துக்கு வந்துவிட்டது, செயற்கைக் கருவூட்டல்தான். நெஞ்சு கொழுப்பில்லாத கறி, தொடை நரம்பும் கொழுப்பும் உள்ள கறி. முழுப் பறவையாக ஓவனில் வைத்தால் தொடை வேகிற நேரத்துக்குள் நெஞ்சு காய்ந்து சக்கையாகிவிடும். நாம் துண்டு போட்டுக் குழம்பில் கொதிக்க விடுகிறவர்கள், நமக்கு இந்தத் தொல்லை தெரியாது.

அதைவிடப் பெரிய தொல்லை பனிக்கட்டி. கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்பவர் 1920-களில் உணவுப் பொருட்களை வெகுவேகமாக உறையவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுதோறும் ஃப்ரீசர் வந்தது. அதற்கு முன்னால் பண்ணையிலிருந்து உயிரோடோ அன்றறுத்தோ வந்த பறவை, இப்போது கருங்கல்லாக வருகிறது. அதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாக உருக்க வேண்டும். நாலைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் என்பது அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் கணக்கு. இருபது பவுண்டுப் பறவைக்கு நாலிலிருந்து ஐந்து நாள். வெளியே வைத்து உருக்கக்கூடாது; உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளித்தோலில் கிருமி பெருகிவிடும். இந்தக் கணக்குத்தான் அந்த நாட்டில் வருடா வருடம் லட்சக்கணக்கான வீடுகளில் தப்பிப்போகிறது. எங்கள் வீட்டில் அது தப்பவில்லை. தப்பவைக்கப்பட்டது.

2009-இல் நானும் மனைவியும் நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். மகனுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம். மருமகள் அங்கே ஓர் அலுவலகத்தில் வேலையில் இருந்தாள். அந்த வருடம் தேங்ஸ்கிவிங் நவம்பர் 26. தன் வீட்டில் முதல் தடவையாக அதை நடத்துவது என்று அவள் முடிவு செய்தாள். அலுவலகத்திலிருந்து மூன்று குடும்பம், பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அமெரிக்கப் பாட்டி, நாங்கள் நாலு பேர். மாமியார் மாமனார் பார்க்கச் செய்கிறாள் என்பதும் அதில் சேர்த்தி.

இருபது பவுண்டில் ஒரு வான்கோழி வாங்கிவந்தார்கள். கார் ஷெட்டில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று உபரியாக இருந்தது. சனிக்கிழமை ராத்திரி அதன் கீழ்த்தட்டில் பறவையை வைத்தாள். ஒரு தாளில் கணக்குப் போட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டினாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அட்டவணை போடுகிற மாதிரி இருந்தது.

எனக்கு அங்கே போன நாள்முதல் விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அப்படி எழுந்து, காப்பிக்குப் பால் எடுக்க ஷெட்டுக்குப் போனேன். வான்கோழியின் உறை வேர்த்து நனைந்திருந்தது. தட்டில் லேசாகச் சிவந்த தண்ணீர். பகீரென்றது. இன்றைக்கு ஞாயிறு, விருந்து வியாழன். நம் வீட்டில் காலையில் வாங்கிய கறியை மத்தியானத்துக்குள் சமைத்துவிட வேண்டும்; எங்கள் அம்மா ராத்திரிக்கு மிஞ்சினாலே கொட்டிவிடுவாள். சின்னப் பிள்ளைகள், ஃப்ரீசரில் வைக்கிறதை மறந்து கீழே வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மேலே இருந்த பட்டாணிப் பாக்கெட், ஐஸ்கிரீம் டப்பா எல்லாவற்றையும் கீழே இறக்கி, பறவையைத் தூக்கி ஃப்ரீசருக்குள் திணித்தேன். கை மரத்துப்போனது. ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு காப்பி குடித்தேன். ஐஸ்கிரீம் கூழானதுதான் மிச்சம். அதை மகன் மேல் போட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிடும்போது மருமகள் என் மனைவியிடம், "ஃப்ரீசர்ல இருந்து எடுத்து அஞ்சு நாள் கீழ வைக்கணும் அத்தை, இல்லன்னா உள்ள ஐஸ் அப்படியே இருக்கும்" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். புதன் ஒரு நாள் இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரைமணிக்கொருதரம் தண்ணீர் மாற்றினால் பவுண்டுக்கு அரைமணி வீதம் பத்து மணி நேரத்தில் உருகிவிடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் முப்பத்து நாலு வருடம் அடுத்தவன் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். "நான்தாம்மா தெரியாம வச்சிட்டேன்" என்ற ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. எல்லோரும் படுத்த பிறகு ஷெட்டுக்குப் போய், திருடன் மாதிரி, பறவையை எடுத்துப் பழையபடி கீழ்த்தட்டில் வைத்தேன். ஒன்றரை நாளில் எப்படியும் உருகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் உறையைப் பிரித்தாள். மேலே தொட்டால் கறி, விரலை உள்ளே விட்டால் கல். ஈரல், கழுத்து எல்லாவற்றையும் ஒரு காகிதப் பையில் போட்டு வயிற்றுக்குள் வைத்திருப்பார்கள். அது ஐஸோடு ஐஸாக ஒட்டிக்கொண்டு அசையவில்லை. சுவரில் ஒட்டிய தாளை எடுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். "கணக்குப் போட்டுத்தானே வச்சேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

என் மனைவி கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "இவ்வளவு படிச்சு என்னத்துக்கு? ஒரு கோழியப் பக்குவமா எடுத்து வைக்கத் தெரியலயே."

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கையில் வைத்திருந்த செய்தித்தாளைத் திருப்பினேன்.

மகன் சுடுதண்ணீரைக் கொட்டிப் பார்த்தான். தோல் வெளுத்துச் சுருங்கியது, உள்ளே ஐஸ் அப்படியே இருந்தது. அவன் நண்பன் ஒருவன் போனில், "எங்க வீட்ல பெரிய அண்டா இருக்கு, கொண்டாறேன், எண்ணெயில பொரிச்சா முக்கால் மணி நேரம்தான்" என்றான். மகன் சரியென்று சொல்லப்போனான். மருமகள்தான், இரு, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றாள்.

கேட்பதற்கு அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. பட்டர்பால் என்ற வான்கோழி நிறுவனம் 1981-இல் ஆறு பேரை உட்காரவைத்து ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தது. வான்கோழி சமைப்பதில் சந்தேகமா, கூப்பிடுங்கள். முதல் வருடமே பதினோராயிரம் அழைப்பு வந்ததாம். 1985-இல் அரசாங்கமே இறைச்சி, கோழிக்கென்று ஓர் உதவி எண் தொடங்கிவிட்டது. வான்கோழிக்கு ஹெல்ப்லைனா என்று நான் முன்பு சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மகன் அப்படி ஓர் எண்ணைப் பிடித்தான். ஸ்பீக்கரில் ஒரு வயதான அம்மாளின் குரல். எண்ணெய் என்று சொன்னதும், வேண்டவே வேண்டாம் என்றார். காரணம் நமக்கும் தெரிந்ததுதான். ஈரக் கையோடு எண்ணெய்ச் சட்டியில் வடை போட்டால் எப்படித் தெறிக்கும்? தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். வயிறு நிறைய ஐஸ் இருக்கும் பறவையைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கினால் எண்ணெய் பொங்கி அண்டாவுக்கு வெளியே வழியும், கீழே எரிகிற கேஸ் நெருப்பில் விழும். வீட்டுச் சமையலறைத் தீ விபத்துகள் வருடத்திலேயே அதிகம் நடக்கும் நாள் தேங்ஸ்கிவிங் என்று அந்நாட்டுத் தீத்தடுப்புச் சங்கம் ஒவ்வொரு வருடமும் எச்சரிக்கிறது.

அப்படியே ஐஸோடு ஓவனில் வையுங்கள், 325 டிகிரி பாரன்ஹீட், வழக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும், நடுவில் அந்தக் காகிதப் பையை உருவி எடுத்துவிடுங்கள், உள்ளே 165 டிகிரி வந்தால் சாப்பிடலாம் என்றார் அந்த அம்மாள். கடைசியாக, "அழாதே, இன்றைக்கு நீ எனக்கு முதல் ஆள் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மருமகள் அழுவது அவருக்கு எப்படிக் கேட்டதோ.

நாலு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். பறவை ஓவனுக்குள் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. காகிதப் பையை உருவுவதற்காகத் தட்டை வெளியே இழுத்தபோது, மெல்லிய அலுமினியத் தட்டு ஆகையால் நடுவில் மடங்கி, பாதிக் கொழுப்பு ஓவன் அடியில் கொட்டியது. புகை. அலாரம் அலறியது. என் மனைவி துண்டை எடுத்து அலாரத்துக்கு விசிறிக்கொண்டு நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்ததும் அவள்தான் துண்டைப் போட்டுவிட்டு, சோறு வடித்து, முட்டைக் குழம்பு வைத்தாள்.

மேஜையில் மீதி எல்லாம் இருந்தது. மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெரிச் சாறு, பூசணிப் பை. இந்தப் பை கையில் தூக்குவது இல்லை. அடியில் மாவு பரப்பி மேலே இனிப்புப் பூசணிக் கூழை ஊற்றிச் சுடுவது. பச்சை பீன்ஸைக் காளான் சூப்பில் கலந்து, பொரித்த வெங்காயம் தூவிச் சுட்டெடுத்த ஒரு பதார்த்தமும் இருந்தது. ஏதோ தொன்றுதொட்டு வந்தது என்று நினைத்தேன். 1955-இல் டார்கஸ் ரெய்லி என்ற அம்மாள், கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சோதனைச் சமையலறையில், அதே நியூ ஜெர்சியின் கேம்டன் ஊரில் உண்டாக்கியது. என்னைவிட வயதில் சின்னப் பதார்த்தம்.

பறவைக்காகக் காத்திருந்த அந்த நேரத்தில் ஒன்று நடந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் சிறுமியாக இருந்தபோது நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். 1959. பண்டிகைக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது, நவம்பர் 9-ஆம் தேதி, சுகாதாரத் துறைச் செயலாளர் ஆர்தர் ஃபிளெமிங் ஓர் அறிவிப்புச் செய்தார். ஓரிகன், வாஷிங்டன் மாநிலத்துக் கிரான்பெரிகள் சிலவற்றில் களைக்கொல்லி கலந்திருக்கிறது, எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கிய மருந்து அது. நாடே கலங்கிவிட்டது. கடைகள் கிரான்பெரியைத் தூக்கி எறிந்தன. வெள்ளை மாளிகையிலேயே அந்த வருடம் கிரான்பெரிக்குப் பதில் ஆப்பிள் கூழ் பரிமாறினார்கள். பாட்டியின் அம்மாவோ வாங்கி வைத்த டப்பாக்களை ராத்திரியோடு ராத்திரியாகத் தோட்டத்தில் புதைத்துவிட்டாராம். அடுத்த வருடம் அப்பா மண்ணைக் கொத்தும்போது ஒவ்வொன்றாக வந்ததாம்.

அதைத் தொட்டு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். காகிதப் பையோடு சுட்டுப் பரிமாறிய கதை, சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்ட பூசணிப் பை, மேஜையிலிருந்து பறவையை நாய் இழுத்துக்கொண்டு போனது. நல்லபடியாக நடந்த வருடம் எதையும் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு கதையிலும் அதைச் செய்தது யார் என்று பெயர் இருந்தது: அத்தை, மாமா, செத்துப்போன தாத்தா. அந்தப் பெயர் வரும் இடத்தில்தான் சிரிப்பு. மருமகளும் சிரித்தாள். "இனிமேல் இந்த வீட்டுக் கதையில் என் பெயர்தான்" என்றாள். நான் அப்போதும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் தங்கள் அசட்டுத்தனத்தை மேஜையில் வைத்த நேரம். என்னுடையதையும் வைத்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

வான்கோழி எட்டே காலுக்கு வெளியே வந்தது. பிள்ளைகள் இருந்த குடும்பங்கள் கிளம்பிவிட்டன. தொடை நன்றாக இருந்தது. நெஞ்சு, நான் முன்பு சொன்னபடி, சக்கை. மறுநாள் என் மனைவி மிஞ்சிய கறியையெல்லாம் பிய்த்துப்போட்டு, மிளகும் தேங்காயும் அரைத்து ஒரு பிரட்டல் வைத்தாள். அதைத்தான் எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். அது நன்றாக அமைந்ததே மருமகளுக்கு இன்னொரு குத்தாகவும் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு வருடா வருடம் அவள் அந்த விருந்தை நடத்துகிறாள், நன்றாகவே நடத்துகிறாள். ஆனாலும் எட்டு நாள் முன்னதாகவே அட்டவணை ஒட்டிவிடுவாள். யார் வந்தாலும், "முதல் வருஷம் நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்" என்று அந்தக் கதையைச் சொல்லுவாள். என் மனைவியும் ஊரில் பலரிடம் அதைச் சொல்லியிருக்கிறாள், கொஞ்சம் மசாலா சேர்த்து. அவள் போய் நாலு வருடம் ஆகிறது.

இதை எழுதி முடித்ததும், இங்கே போடுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லாமல் போடுவது முறையில்லை என்று தோன்றியது. நேற்று ராத்திரி, அங்கே காலை, மருமகளைப் போனில் கூப்பிட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஷெட்டு ஃப்ரிட்ஜ் வரும் இடத்தில் அவள் லேசாக மூச்சு விடுவது கேட்டது. குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அத்தைக்குத் தெரியுமா மாமா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. அவகிட்டயும் சொல்லல."

மறுபடி கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, இந்த வருடம் பதினாறு பவுண்டுதான் வாங்கியிருப்பதாகவும், சனிக்கிழமை கீழே இறக்கி வைக்க வேண்டும் என்றும் சொன்னாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்தாள்.